பதினேழாவது பொத்தான்

நாகமலை புதுக்கோட்டை,
ஜனவரி 12.

அன்புள்ள இந்துவுக்கு,

விக்டோரியா எழுதுவது. முறைப்படி பார்த்தால் ‘அன்புள்ள அண்ணிக்கு’ என்றுதான் தொடங்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் என் சிலேட்டைப் பிடுங்கி உடைத்தவளை அண்ணி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடுவதில்லை. மஸ்கட்டில் நீ, ஜூடு அண்ணன், ஷெரின்குட்டி மூவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது பார். கிழிக்கலாம்தான், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

தீபாவளிக்குப் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். ஷெரினுக்கு நாலு வயசாகிறது, உங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது என்று நான் குறைபட்டேன். “யாரோட பேசி அவளுக்குக் காட்டுறது? இங்க இருக்கிற சுவத்தோடயா?” என்று சிரித்தாய். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய், எனக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டது. எங்கள் அண்ணனைக் கட்டியதால் உனக்கு வீடு போனது மட்டுமில்லை, பேச்சும் போய்விட்டதே என்று அன்றைக்கு முழுக்க அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அடுத்த நாள் காலையில் ஒரு யோசனை வந்தது. சுவரோடுதானே பேச வேண்டும்? சரி, சுவரைப் பேச வைத்தால் என்ன?

நம் பழைய தெருமுனைக் கல்யாண மண்டபம் ஞாபகம் இருக்கிறதா? அதன் நீளமான காம்பவுண்டுச் சுவர், அரசியல் கட்சிகளும் மூலவைத்தியமும் மாறி மாறி எழுதிய சுவர். மண்டபத்து மேனேஜர் வெங்கடேஷ்பாபு உங்கள் ஆள்தானே, அவரிடம் போய்க் கேட்டேன். சுவர் முழுக்க உங்கள் வீட்டுக் காட்சிகளாகப் பதினேழு படம் வரைகிறேன், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் காலிங்பெல் பொத்தான் ஒன்று, அழுத்தினால் அந்தக் காட்சியில் உங்கள் வீட்டில் என்ன பேசுவார்களோ அது உங்கள் பாஷையில் கேட்கும் என்றேன். புத்தகம் போடலாமே என்றார் அவர். உங்கள் பேச்சில் பாதிச் சத்தம் தமிழ் எழுத்தில் அடங்காது, உங்கள் சொந்த எழுத்தை உங்களுக்கே படிக்கத் தெரியாது, காதில் விழுந்தால்தான் உண்டு என்று பட்டென்று சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார்.

ஒலி வேலைக்கு ராயப்பண்ணன் வந்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்கெல்லாம் மைக்செட் கட்டுவாரே, அவரேதான். என் டிராயிங் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய வண்டியில் ஏறி வீடு வீடாகப் போனோம். மூன்று வாரம், நாற்பது பேர். எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள். என்னோடு தமிழில் பேசுவது எப்போதும் உள்ளதுதானே, அதனால் அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், இந்து, நாற்பது பேரும் தமிழ்! மைக்கைக் கண்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “எங்கள் தாய்மொழி மிகவும் இனிமையானது, அதைக் காப்பது நம் கடமை” என்று மேடைத் தமிழில் பொளந்து கட்டியிருக்கிறார்கள். தாய்மொழியில் ஒரு வார்த்தை இல்லை. ராயப்பண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “ஏம்மா விக்டோரியா, நம்ம தப்பான தெருவுக்குப் போயிட்டமா?” என்று கேட்டார்.

தப்பு என்னுடையதுதான். வந்த ஆளுக்கு முன்னால் வந்த ஆளின் பாஷையில் பேசுவதுதானே உங்கள் தெருவின் மரியாதை. எனக்குப் புரியும் என்று தெரிந்தாலும் நான் படியேறினால் பேச்சு தமிழுக்குத் திரும்பிவிடும். இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்து வீட்டில் இருந்தோம், உன் அப்பா என்னிடம் ஒரு நாளாவது உங்கள் பாஷையில் பேசியிருப்பாரா? உன் அம்மா, என் சீதாத்தை ஒருத்திதான் அதற்கு விதிவிலக்கு. உன்னையும் என்னையும் ஒரே தட்டில் வைத்து, ஒரே பாஷையில் திட்டிச் சோறு போட்டாள். நான் கற்றது அவளிடம்தான்.

இனி உனக்குப் பிடிக்காததை எழுதப் போகிறேன். உன் அப்பா ராஜாராம் மாமா வீட்டுக்கும் போனேன். ஆறு வருஷம் கழித்து அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே கூப்பிட்டார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ரிட்டயர் ஆகியும் மின்வாரியத்து மனுஷனாகத்தான் இருக்கிறார், யாருமில்லாத அறையில் ஃபேன் ஓடினால் எழுந்துபோய் அணைக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு நல்ல தமிழில் அமைதியாகச் சொன்னார்: “எங்க வீட்டுல இருந்து ஒண்ணை உங்க வீட்டுக்குக் குடுத்தாச்சு. இப்பக் குரலும் வேணுமா?”

எழுந்து வந்துவிட்டேன். வண்டியில் ஏறியதும் அழுதேன். உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பதினேழாவது படம் அந்தப் பச்சைக் கதவுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஷெரினுக்கு அத்தையின் முத்தம். பதில் போடு.

உன்,
விக்டோரியா


நாகமலை புதுக்கோட்டை,
மார்ச் 9.

அன்புள்ள இந்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் மஸ்கட் வெயில், ஒரு பக்கம் ஷெரினின் பல்வலி, கடைசி வரியில் ‘அந்த மனுஷரைப் பற்றி இனி எழுதாதே’. அப்படி எழுதிவிட்டு அதற்குக் கீழேயே ‘ஃபேனை அணைத்தாரா?’ என்றும் கேட்டிருக்கிறாய். நான் எதைக் கேட்பது?

முதலில் நல்ல சேதி. வழி கிடைத்துவிட்டது, கண்டுபிடித்தவர் ராயப்பண்ணன். நான் இருந்தால் தமிழ், நான் படியிறங்கினால் சௌராஷ்டிரம், அப்படியானால் நான் படியிறங்குவதுதான் நல்லது என்றார். வீட்டாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ரெக்கார்டரை ஃபிரிட்ஜ் மேலே ஓட விட்டுவிட்டு இரண்டு பேரும் வெளியே போய் முள்ளுமுருங்கை வடை தின்றோம். முதல் அரைமணி நேரம் எல்லாரும் மைக்குக்காகப் பேசினார்களாம். அப்புறம் பால் பொங்கிவிட்டது. அவ்வளவுதான், மைக் மறந்துபோய்விட்டது!

மறுநாள் வீட்டாரோடு உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சரி என்ற துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு அம்மா தன் நாத்தனாரைப் பற்றி எட்டு நிமிஷம் பேசியிருந்தாள். ஆகா, என்ன பாஷை அது! கையெடுத்துக் கும்பிட்டு அழிக்கச் சொன்னாள், அழித்தோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்படிப் பதினாறு சேர்ந்தது. மாடியில் புடவை உலர்த்தும்போது எதிர் மாடிக்குக் கூவுவது, பூனையை விரட்டுவது, கேஸ் தீர்ந்த காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது, கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் நாலு பேர் ஒன்றாகக் கத்துவது. குக்கர் விசிலை ஒருவர் எண்ணுகிறார், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் தும்முகிறார், எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். வெங்கடேஷ்பாபு அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இதெல்லாம் ஒரு நாள் கேட்காமல் போகும் என்று தான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்றார். அவர் வீட்டில் அவர் சௌராஷ்டிரத்தில் கேட்கிறார், பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

சுவர் முடிந்துவிட்டது. பிப்ரவரி முழுக்கச் சனி ஞாயிறுகளில் ஏணி மேல் நின்றேன், கழுத்து கறுத்துப்போய்விட்டது. தெருவே மேற்பார்வை பார்த்தது. குத்துவிளக்குக்கு அஞ்சு முகம் போடு, அந்தப் புடவைக்குச் சுங்குடிப் புள்ளி சின்னதாக இருக்கணும் என்று ஆளுக்கொரு உத்தரவு. உன் அப்பா மட்டும் எதிர்ப் பக்கமாகவே போனார். காலை நடைக்குப் போகும்போதும் வரும்போதும் தலையைத் திருப்பவில்லை. ஆனால் நான் பச்சைக் கதவை வரைந்த அன்று அவர் நடை கொஞ்சம் மெதுவானது. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி சின்னச் செருப்பு வரைந்திருக்கிறேன். எவை என்று உனக்குத் தெரியும், உன்னுடையதில் வார் அறுந்திருக்கும்.

கதவுக்குக் குரல் வேண்டுமே. திறப்பு விழா மார்ச் இரண்டு. முந்தின நாள் வரைக்கும் காத்திருந்தேன். அவரிடம் மறுபடி போகத் தைரியம் வரவில்லை. ஊமைப் பொத்தானை வைத்துக்கொண்டு விழா நடத்த முடியாது, வேறு யாராவது பேசட்டும் என்றார் வெங்கடேஷ்பாபு. அந்தக் கதவுக்கு வேறு யாரையோ பேச விட எனக்கு மனசு வரவில்லை. நான் கோபக்காரி, உனக்குத் தெரியும். மைக்கைப் பிடுங்கி நானே பேசிவிட்டேன். சாயங்காலம் விளையாடிவிட்டு வரும்போது சீதாத்தை வாசலில் நின்று நம் இருவரையும் பார்த்துக் கத்துவாளே, இம்புட்டு நேரமா, கால் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது என்று, அதையே அவள் பாஷையில், அவள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை இந்து. எனக்கு உங்கள் பாஷை அந்தக் குரலில்தான் வரும், வேறு குரலில் எனக்கு அது தெரியாது.

விழாவில் பதினேழாவது பொத்தானை அழுத்தியதும் கூட்டம் மொத்தமும் சுவர்ப் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு பெண், “இது நம்ம சீதாலட்சுமில்ல?” என்றாள். அத்தை போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரு தமிழ்க்காரி, அதுவும் எங்கள் வீட்டுப் பெண், அந்த அம்மாவின் குரலைத் திருடி வைத்துவிட்டாள் என்று உன் அப்பா நினைத்தால்? அவர் விழாவுக்கு வரவில்லை. வராததே நல்லது என்று நினைத்தேன், வரவில்லையே என்றும் நினைத்தேன்.

அம்மா உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதைச் சொல்லச் சொன்னாள். ஷெரினின் பல்லுக்குக் கிராம்பு வை.

உன்,
விக்டோரியா


நாகமலை புதுக்கோட்டை,
ஏப்ரல் 20.

அன்புள்ள இந்துவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பயப்படாதே, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்.

திறப்பு விழா முடிந்து பத்து நாளில் பதினேழாவது பொத்தான் கெட்டுப்போனது. உள்ளே அமுங்கி மாட்டிக்கொண்டது. ராயப்பண்ணன் புதுசு மாற்றினார். இரண்டு வாரத்தில் அதுவும் போச்சு. மற்ற பதினாறும் நன்றாக இருக்கின்றன. தெருப் பிள்ளைகள்தான் குத்துகிறார்கள் என்று அவர் அவர்களைப் பிடித்து ஒரு அதட்டு அதட்டினார். எதிரே பூக்கட்டுகிற சோணையம்மாள் எழுந்து வந்தாளாம். அவள் மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக்கொண்டு விடிகிற நேரத்துக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். “பிள்ளைகள வையாதீக அண்ணே. கரண்டாபீசு ராஜாராம் சார்தான் தெனமும் விடிய வந்து அமுக்கிட்டு நிக்கிறாரு. அம்புட்டு தடவையும் முழுசாக் கேப்பாரு, பெறகு வாக்கிங் போவாரு. எனக்கே அந்தப் பேச்சு மனப்பாடம் ஆயிருச்சு” என்றாளாம்.

ராயப்பண்ணன் இதைப் போனில் சொன்னபோது வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றார். இந்து, உன் அப்பா! பஸ்ஸில் நாகமலை வரைக்கும் வந்து, பல்கலைக்கழகம் போகிற ரோட்டில் இறங்கி, மூன்று பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறார். உங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் இருக்க முடியாமல் நாங்கள் காலி செய்துகொண்டு வந்த வீடு இது, அவர் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. வந்ததும் முதலில் யாரைப் பார்த்தார் என்கிறாய்? கரண்ட் மீட்டரை! குனிந்து நம்பரைப் படித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். அம்மா பதறிப்போய் ஜெபமாலையோடேயே எழுந்து நின்றாள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நானே முந்திக்கொண்டு, மாமா, தப்புத்தான், அத்தை குரலை நான் எடுத்திருக்கக் கூடாது, நாளைக்கே அழிக்கச் சொல்கிறேன் என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் பேசினார்.

தமிழில் இல்லை.

என் வயது முப்பத்து நாலு. ஏழு வயதிலிருந்து அவரைத் தெரியும். முதல் தடவையாக உன் அப்பா என்னோடு உங்கள் பாஷையில் பேசினார். ‘சோறு ஆறுது’ என்கிற இடத்தில் நான் குரலை மேலே ஏற்றுகிறேனாம், அவள் அங்கே இறக்குவாளாம், கோபம் அங்கே தீர்ந்துவிடுமாம். சொல்லிக் காட்டினார். நான் உங்கள் பாஷையிலேயே பதில் சொன்னேன், தப்பும் தவறுமாக. திருத்தவில்லை. அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இப்படிப் பேசுகிறோமே என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. வெளியாள் முன்னால்தானே இவர்கள் தமிழுக்கு மாறுவார்கள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அப்போது வந்த அழுகைக்கு அம்மா டீயில் சர்க்கரை போட மறந்ததைக் காரணம் சொல்லிச் சமாளித்தேன்.

டீ குடித்துவிட்டு, அந்தப் பிள்ளை பெயர் என்ன என்று கேட்டார். அவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். இருந்தாலும் சொன்னேன். அதற்கு எங்கள் பேச்சு தெரியுமா என்றார். தெரியாது மாமா, இந்துவுக்கு அங்கே பேச ஆள் இல்லை என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கு மட்டும் இங்க யார் இருக்கா?” என்றார். இதை மட்டும் தமிழில் சொன்னார். எனக்கு மொழிபெயர்க்கிற வேலைகூட வைக்கவில்லை.

புதன்கிழமை அவரே ராயப்பண்ணன் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தை குரல் என்று ஊர் சொல்கிறதை அழிக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், அதற்குப் பின்னால் தன் குரலைச் சேர்க்க வேண்டும் என்றார். மைக்கைக் கண்டதும் இவரும் முதுகை நிமிர்த்தினார், ஆனால் தமிழுக்கு மாறவில்லை. ஒரே ஒரு கேள்விதான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் உள்ளே நாற்காலியிலிருந்து கேட்பாரே, யார் வந்திருக்கிறது என்று, அது. நீதான் என்று தெரிந்துகொண்டே தினமும் கேட்பார். நீயும் தினமும் வேறு வேறு பெயர் சொல்லுவாய், கலெக்டர், போலீஸ், மீனாட்சி கோயில் யானை.

கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். விரலை மடக்கி மனசுக்குள் இருபது எண்ணினார். உங்கள் பாஷையில்தான் எண்ணினார், உதடு அசைந்ததாம். அப்புறம் அணைக்கச் சொன்னார். கடைசியில் இம்புட்டு நேரம் வெறும் சத்தம்கூட இல்லையே சார், அதை வெட்டிவிடுகிறேன் என்றாராம் ராயப்பண்ணன். “வெட்டக் கூடாது, அது பதில் சொல்றதுக்கு” என்றாராம் உன் அப்பா. பதிலுக்கு அப்புறம் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டாமா என்று கேட்டதற்கு, “அதை ஆள் வந்ததும் நானே நேர்ல சொல்லிக்குவேன்” என்றாராம்.

இப்போது தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. பொத்தானை அழுத்தி, முதலில் அத்தையிடம் திட்டு வாங்கி, மாமா கேள்வி கேட்டதும் ஆளுக்கொரு பெயரைக் கத்துகிறார்கள். வெங்கடேஷ்பாபுவின் இரண்டாவது பையன் நேற்று முழு வாக்கியமாக, உங்கள் பாஷையில், ‘சிங்கம் வந்திருக்கு, கதவைத் திற’ என்று கத்தினான். அவன் அப்பா மண்டபத்துக்குள்ளிருந்து ஓடி வந்து, மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று அவனைப் படாதபாடு படுத்திவிட்டார். பச்சைக் கதவுப் பொத்தானை மட்டும் நல்ல கனமானதாக மாற்றியிருக்கிறோம். உன் அப்பா வாங்கிக் கொடுத்தது, மின்வாரியத் தரமாம்!

மே மாதம் ஜூடு அண்ணனுக்கு லீவு உண்டு என்று எனக்குத் தெரியும். உனக்கு நான் புத்தி சொல்லவில்லை. ஆறு வருஷம் நீ அழுததை நான் போனில் கேட்டிருக்கிறேன், அதையெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிட முடியாது. அவர் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, சொல்வார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் பஸ் ஏறக் கிளம்பும்போது எங்கள் வாசலில் நின்று, சுவரில் உங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தார். அவன் பொட்டு வைக்க விடுகிறானா என்று கேட்டார். படத்தில் இந்து பொட்டோடுதானே இருக்கிறாள் மாமா, பாருங்கள் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஷெரினுக்கு எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு ஒரே ஒரு பதில் சொல்லிக்கொடு. யார் வந்திருக்கிறது என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும். கலெக்டரோ யானையோ, அவள் இஷ்டம். அவளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தாதே, நேராகக் கதவுக்கே கூட்டிப் போ. செருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் கழற்றிப் போடுங்கள்.

கர்த்தர் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். உங்கள் சாமியும் கூட வரட்டும், இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. அவர் இருபதுதான் எண்ணுவார், இந்து. அதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில்தான்.

உன் சிநேகிதி, நாத்தனாரும்கூட,
விக்டோரியா